சிலந்திக்கு ஈ, சக்கரவர்த்திக்கு சார்மேஷியன்

எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்பு முடிந்த கையோடு மிச்சமிருந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தலைப்பு, மன உறுதி. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகவே பேசினார். நடுவில் ஒரு ஸ்லைடு. சுருட்டைத் தாடி வைத்த பளிங்குத் தலை, பக்கத்தில் 'வெளியே நடப்பது உன் கையில் இல்லை, உன் மனம் உன் கையில் இருக்கிறது' என்கிற மாதிரி இரண்டு வரி, அடியில் மார்க்கஸ் ஆரேலியஸ் என்று பெயர், இரண்டாம் நூற்றாண்டில் ரோமை ஆண்ட சக்கரவர்த்தி. எனக்கு அடுத்த நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டியவர் முந்தின வாரம்தான் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய மேசை இழுப்பறையில் ஸ்பூனும் பாதி காலியான ஊறுகாய் பாட்டிலும் அப்படியே கிடந்தன. அவரை அனுப்பலாம் என்று முடிவெடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த ஸ்லைடுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எரிச்சலாக இருந்தது. அந்த வரிகள் பொய் என்பதால் இல்லை. அவற்றை யார் யாருக்குச் சொல்வது என்பதில்தான் எனக்குச் சிக்கல். அந்த மனிதர் அவற்றை வேறு யாருக்கும் சொல்லவே இல்லை. ராணுவக் கூடாரத்தில் உட்கார்ந்து, தாய்மொழியான லத்தீனை விட்டுவிட்டுக் கிரேக்கத்தில், தனக்கே எழுதிக்கொண்டார். அதற்கு அவர் தலைப்புகூட வைக்கவில்லை. நாம் இன்று 'மெடிடேஷன்ஸ்' என்ற பெயரில் படிக்கும் 12 பகுதிகள் முதன்முதலாக அச்சேறியது 1559இல், சூரிச் நகரத்தில். அச்சுக்கு ஆதாரமாக இருந்த கையெழுத்துப் படி பிறகு தொலைந்துபோனது. ஆக, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு நோட்டுப்புத்தகம், 1,400 வருஷம் எப்படியோ தப்பி வந்து, கடைசியில் வேலை போனவனின் நண்பனுக்கு உபதேசமாக வந்து நிற்கிறது. அடிக்கும் கையை வைத்திருப்பவன் 'பொறுத்துக்கொள்' என்று தனக்கே சொல்லிக்கொள்வது ஒரு விஷயம். அடி வாங்கியவனிடம் அதைச் சொல்வது முற்றிலும் வேறு விஷயம்.

அந்த எரிச்சலோடுதான் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். இந்தமுறை பொன்மொழிகளைத் தேடவில்லை. அவை எழுதப்பட்ட நேரத்தில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படித்தேன். அப்படிப் படித்தால் நிம்மதி போய்விடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

திராட்சை பறித்த பையன்

அரசராவதற்கு முந்தைய மார்க்கஸை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லத்தீன் ஆசிரியர் ஃப்ரான்டோவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிலான் நூலகத்தில் கிடைத்தன. பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறொன்றை எழுதியிருந்த தோல் ஏடுகளுக்கு அடியில் ஒளிந்திருந்தன. அதில் ஒரு கடிதம், கிராமத்து மாளிகை ஒன்றில் கழிந்த ஒரு நாளைச் சொல்கிறது. லேசான ஜலதோஷம். விடியுமுன் எழுந்து, விவசாயம் பற்றிப் பழைய ரோம எழுத்தாளர் கேட்டோ எழுதிய நூலைப் படித்திருக்கிறார். தொண்டைக்கு இதமாகத் தேன் கலந்த தண்ணீரைத் தொண்டைவரை விட்டுத் துப்பியிருக்கிறார். மற்றவர்கள் அவரைக்காயும் வெங்காயமும் சினை மீனும் வெளுத்துக்கட்ட, இவருக்குக் கொஞ்சம் ரொட்டி மட்டும். அப்புறம் எல்லோருமாகத் திராட்சை பறிக்கப் போய் வேர்த்து விறுவிறுத்துக் கத்திக் கும்மாளம் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அம்மா கட்டிலில் வந்து உட்கார, இருவரும் ஊர்க்கதை பேசுகிறார்கள். 'என் ஃப்ரான்டோ இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்?' என்று இவர் கேட்க, அம்மா பதிலுக்கு ஃப்ரான்டோ வீட்டுப் பெண்களைப் பற்றி ஏதோ சொல்லிச் சீண்டுகிறார். ராத்திரிச் சாப்பாடு எண்ணெய் ஆட்டும் கொட்டகையில். அங்கே குடியானவர்கள் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்வதைக் கேட்டு ரசித்ததாக எழுதியிருக்கிறார்.

சக்கரவர்த்தியின் தத்துப்பிள்ளை, அடுத்த வாரிசு. அவருக்கு அப்போது இருபத்திச் சொச்சம் வயது. பிற்காலத்து நோட்டுப்புத்தகத்தில் இந்தப் பையன் எங்குமே இல்லை. அங்கே வறுத்த கறி என்பது செத்த பிராணியின் உடல், அரசருக்கான கருஞ்சிவப்பு அங்கி என்பது கிளிஞ்சல் ரத்தத்தில் தோய்த்த ஆட்டு ரோமம். எதையும் ரசித்துவிடக் கூடாது என்று தன் கையைத் தானே தட்டிவிடுகிற குரல் அது. இடையில் என்ன நடந்தது என்றால், பதவி நடந்தது.

வெளியே நடப்பதைப் பொறுத்துக்கொண்டு மனதை ஆளச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவத்தின் பக்கம் அவரைத் திருப்பியவர் ஜூனியஸ் ரஸ்டிகஸ். அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டெட்டஸின் பாடக் குறிப்புகளைத் தன் சொந்தப் படியிலிருந்து கொடுத்தவர் அவர்தான் என்று முதல் பகுதியில் மார்க்கஸ் நன்றியோடு எழுதுகிறார். அலங்காரப் பேச்சை விட்டுவிடவும், தப்பு செய்தவர் மனம் திரும்பி வந்தால் உடனே ஏற்றுக்கொள்ளவும் கற்றுத் தந்தவர் என்கிறார். இதே ரஸ்டிகஸை மார்க்கஸ் பிற்பாடு ரோம் நகரத்தின் தலைமை அதிகாரியாக்கினார். அந்த நாற்காலியில் இருந்தபோது, 165 வாக்கில், அவர் முன்னால் ஒரு கிறிஸ்தவர் தன் தோழர்களோடு நிறுத்தப்பட்டார். பெயர் ஜஸ்டின். தத்துவவாதிகள் போர்த்தும் மேலங்கியையே போர்த்தித் திரிந்தவர், ஸ்டோயிக் ஆசிரியரிடமும் கொஞ்ச நாள் பாடம் கேட்டவர். தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததால், சவுக்கடி கொடுத்துத் தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு எழுதினார் ரஸ்டிகஸ். சட்டப்படி அதில் தவறே இல்லை. நோட்டுப்புத்தகத்தின் நன்றிப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

டான்யூப் கரைக் கூடாரம்

161 மார்ச்சில் பதவிக்கு வந்தார். அன்றிலிருந்து சாகும்வரை அவருக்கு நல்ல காலம் என்று ஒன்று வாய்க்கவில்லை. முதலில் டைபர் நதியில் வெள்ளம், கிழக்கே பாரசீகப் பகுதியை ஆண்ட பார்த்தியர்களோடு போர். கூட்டாட்சி செய்த தம்பி லூசியஸ் வீரஸின் படை அதில் ஜெயித்துத் திரும்பியபோது கூடவே கொள்ளைநோயையும் கொண்டுவந்தது. வடக்கே டான்யூப் நதிக்கு அப்பாலிருந்த மார்கொமன்னி, குவாடி, சார்மேஷியர் இனத்து யாசிகெஸ் என்று ஒவ்வொரு கூட்டமாக எல்லை தாண்டி, இத்தாலிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கஜானாவில் பணமில்லை. புது வரி போட மனமில்லாமல் அரண்மனைச் சாமான்களை டிரேஜன் சதுக்கத்தில் கொண்டுவந்து வைத்து ஏலம் விட்டார். தங்கக் கிண்ணங்கள், படிகக் கோப்பைகள், மனைவி ஃபாஸ்டினாவின் சரிகைப் பட்டு, முன்பு ஆண்ட சக்கரவர்த்தி ஹேட்ரியனின் அந்தரங்க அலமாரியில் கிடைத்த நகைகள். ஏலம் இரண்டு மாதம் நடந்தது. பிற்பாடு கையில் காசு வந்ததும், வாங்கியவர்கள் விரும்பினால் திருப்பித் தரலாம், பணம் கொடுத்துவிடுகிறேன் என்று அறிவித்தாராம். தர விரும்பாதவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

இந்த ஆள் மேல் மரியாதை வராமல் இருக்க முடியாது. சர்க்கஸ் மைதானத்தில் தேர்ப் பந்தயம் நடக்கும்போது மேடையில் உட்கார்ந்து கோப்பு பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், ஜனங்கள் அதைக் கேலி செய்வார்கள். கிளாடியேட்டர்கள் கையில் கூர்மையான ஆயுதம் கொடுக்க மறுத்து மழுங்கிய கத்தியோடு சண்டை போட வைத்தார். ஆள் பற்றாமல் அந்தக் கிளாடியேட்டர்களையே படையில் சேர்த்தபோது, 'நம் பொழுதுபோக்கைப் பிடுங்கிக்கொண்டு நம்மையும் தத்துவம் படிக்கவைக்கப் பார்க்கிறார்' என்று ஊர் முணுமுணுத்தது. வெற்றிக்குப் பிறகு சிப்பாய்கள் வெகுமதி கேட்டபோது, சம்பளத்துக்கு மேலே உங்களுக்குத் தரும் ஒவ்வொரு காசும் உங்கள் பெற்றோர், உறவினர் ரத்தத்திலிருந்து பிழிந்தது என்று சொல்லிக் கொடுக்க மறுத்திருக்கிறார். படையை நம்பிப் பிழைக்கும் அரசன் இப்படிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும்.

வீட்டிலும் சாவுதான். ஃபாஸ்டினா பெற்ற குழந்தைகள் 13க்குக் குறையாது, பாதிக்குமேல் சிறுவயதிலேயே போய்விட்டன. 169இல் ஏழு வயது மகன் ஒருவனுக்குக் காதுக்குக் கீழே கட்டி. அறுத்தார்கள், பிள்ளை பிழைக்கவில்லை. ஜூபிடர் திருவிழா நடந்துகொண்டிருந்ததால் ஐந்து நாளோடு துக்கத்தை முடித்துக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டிருந்திருக்கக்கூடிய அந்த வைத்தியர்களுக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு, அரசாங்க வேலைக்குத் திரும்பினார். நோட்டுப்புத்தகத்தில் ஒரு இடம் வரும். 'என் குழந்தையை இழக்காமல் இருக்க வேண்டும்' என்று வேண்டுகிறான் ஒருவன், நீ 'இழந்துவிடுவேனோ என்று பயப்படாமல் இருக்க வேண்டும்' என்று வேண்டு என்கிறார். இதைத் தனியாக ஒரு ஸ்லைடில் பார்த்தால் கல்நெஞ்சு மாதிரி இருக்கும். எத்தனை பாடைக்குப் பிறகு எழுதியது என்று தெரிந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இதுவரை சரி. ஆனால் பத்தாம் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது, சின்னதுதான், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு சிலந்தி ஈயைப் பிடித்ததும் பெருமைப்படுகிறது. ஒருவன் முயலைப் பிடித்து, ஒருவன் வலையில் சின்ன மீனைப் பிடித்து, ஒருவன் காட்டுப்பன்றியை, ஒருவன் கரடியை, இன்னொருவன் சார்மேஷியர்களைப் பிடித்துப் பெருமைப்படுகிறான். இவர்கள் மனதுக்குள் இருப்பதைச் சோதித்துப் பார்த்தால் எல்லோரும் கொள்ளைக்காரர்கள்தானே?

சார்மேஷியரைப் பிடிப்பவன் யார்? எழுதுகிறவரேதான். பகலில் அதற்குத் தலைமை தாங்கிவிட்டு அதே ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறார். 175இல் 'சார்மேட்டிகஸ்', அதாவது சார்மேஷியரை வென்றவர் என்ற பட்டத்தையும் சூட்டிக்கொண்டார். தான் செய்வது கொள்ளை என்று தெரிந்த மனிதர், மறுநாள் காலையும் எழுந்து அதையே செய்யப் போகிறார். விடியலில் எழுந்திருக்க மனம் வராதபோது 'மனிதனுக்குரிய வேலையைச் செய்ய எழுகிறேன்' என்று சொல்லிக்கொள் என்று ஐந்தாம் பகுதியில் எழுதியவர் அவர். அந்த வேலை என்னவாக இருந்தது என்பதைப் பார்க்க நோட்டுப்புத்தகம் போதாது.

ரோமில், கொலோனா சதுக்கத்தில் நிற்கும் அவருடைய வெற்றித் தூணில் அது இருக்கிறது. கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், கீழிருந்து மேல்வரை திருகிக்கொண்டு போகும் சிற்பப் பட்டை. இன்று உச்சியில் நிற்பது புனித பவுல். பழைய சிலை போய்விட்டது, இதை 1589இல் ஏற்றினார்கள். ஒரு இடத்தில் இறக்கையெல்லாம் நீராக வழிய மழைத் தெய்வம் ரோமப் படையைக் காப்பாற்றுகிறது. எல்லோரும் படம் எடுத்துப் போடுவது அதைத்தான். அதைத் தாண்டி மேலே போனால், கைதிகள் வரிசையாகக் குனிந்து நிற்க அவர்கள் இனத்தாரையே கொண்டு தலையை வெட்டவைக்கிறார்கள். ஓலை வேய்ந்த குடிசைக்குத் தீ வைக்கிறான் ஒருவன். சிப்பாய் ஒருவன் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான், அவள் உடை தோளிலிருந்து சரிந்திருக்கிறது, பக்கத்தில் குழந்தை. செதுக்கியவன் இதையெல்லாம் கண்டனமாகச் செதுக்கவில்லை, சாதனையாகத்தான் செதுக்கினான். இவற்றுக்கு நடுவே, அங்கங்கே, அமைதியான முகத்தோடு நம் சக்கரவர்த்தி நிற்கிறார்.

எதிர்த்தரப்பு அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. சமாதானத்தின்போது யாசிகெஸ்கள் திருப்பி ஒப்படைத்த ரோமக் கைதிகள் மட்டும் ஒரு லட்சம் பேர் என்று ரோமச் செனட்டரும் வரலாற்றாசிரியருமான டயோ சொல்கிறார். பனியில் உறைந்த டான்யூபின் மேலேயே சண்டை நடந்திருக்கிறது. ரோமர்கள் கேடயத்தைப் பனிக்கட்டியில் போட்டு, வழுக்காமல் இருக்க ஒரு காலை அதன்மேல் ஊன்றி, குதிரையில் வந்தவர்களைக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்களாம். இரண்டு பக்கமும் இரக்கமற்ற போர். என் கேள்வி அந்தக் கூடாரத்தைப் பற்றியது மட்டும்தான். கொள்ளை என்று எழுதத் தெரிந்த தத்துவத்துக்கு, நிறுத்து என்று சொல்ல ஏன் தெரியவில்லை?

175

அந்த வருஷத்தின் மூன்று மாதங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். வசந்த காலம், யாசிகெஸ்களை நசுக்கும் கட்டத்துக்குப் போர் வந்துவிட்டது. அவர்களைப் பூண்டோடு அழித்துவிட மார்க்கஸ் நினைத்தார் என்று டயோ எழுதுகிறார். டயோ இவரைக் குறை சொல்லத் தேடுகிறவர் இல்லை, இவருடைய ரசிகர். அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து செய்தி வருகிறது. சிரியாவை ஆண்ட தளபதி அவிடியஸ் காசியஸ் தன்னையே சக்கரவர்த்தி என்று அறிவித்துவிட்டான். எகிப்தும் அவன் பக்கம், ரோமுக்கு வரும் தானியம் அங்கிருந்துதான் வர வேண்டும். மார்க்கஸ் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியிருக்கிறது, அதை நம்பித்தான் காசியஸ் எழுந்தான். ஃபாஸ்டினாவே அவனுக்கு ரகசியமாக எழுதியதாகவும் பேச்சு. கணவனுக்கு உடம்பு சரியில்லை, மகனுக்கு வயது போதாது, வேறு யாராவது வந்தால் எங்கள் கதி என்ன என்ற பயத்தில் எழுதினாளாம்.

மார்க்கஸ் வேண்டாவெறுப்பாக யாசிகெஸ்களோடு சமாதானம் செய்துகொள்கிறார். அவர்கள் 8,000 குதிரை வீரர்களைக் கொடுக்க, அதில் 5,500 பேர் பிரிட்டனுக்கு அனுப்பப்படுகிறார்கள். பிறகு படையைக் கூட்டிப் பேசுகிறார். டயோ தரும் பேச்சில் ஒரு விசித்திரமான வரி இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு பயம்தான் என்கிறார். காசியஸ் வெட்கத்தில் தற்கொலை செய்துகொள்வானோ, இல்லை எவனாவது அவனைக் கொன்றுவிடுவானோ என்கிற பயம். அப்படி ஆகிவிட்டால், கெடுதல் செய்தவனை மன்னிக்கும் பெரிய வாய்ப்பு என் கையை விட்டுப் போய்விடும் என்கிறார். பேச்சை டயோ தன் கைவண்ணத்தில் எழுதியிருக்கலாம், அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அடுத்து நடந்தது அந்தப் பேச்சுக்குப் பொருந்துகிறது.

பயந்தபடியே ஆயிற்று. காசியஸ் அரசனாக இருந்தது மூன்று மாதமும் ஆறு நாளும். அவனுடைய சொந்தப் படையைச் சேர்ந்த ஒரு நூற்றுவர் தலைவன் கழுத்தில் வெட்ட, இன்னொருவன் முடித்துவைத்தான். தலையை எடுத்துக்கொண்டு சக்கரவர்த்தியைப் பார்க்கக் கிளம்பினார்கள். எந்த அரசனும் பார்க்க ஆசைப்படும் பார்சல் அது. மார்க்கஸ் பார்க்கவில்லை. கொண்டுவந்தவர்கள் கிட்டே வரும் முன்பே, அதைப் புதைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நோட்டுப்புத்தகத்தின் எட்டாம் பகுதியில், வெட்டுண்டு உடம்பிலிருந்து தள்ளிக் கிடக்கும் கையை, காலை, தலையை நீ பார்த்திருக்கிறாயா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். பார்த்திருக்கிறார், நிறையவே. இந்த ஒன்றைப் பார்க்கத்தான் அவருக்கு முடியவில்லை.

காசியஸின் பெட்டிகளில் இருந்த கடிதங்களும் எரிக்கப்பட்டன. யார் யார் அவனுக்கு எழுதினார்கள், எந்தச் செனட்டர், எந்த ஆளுநர், ஒருவேளை எந்த மனைவி, எல்லாம் அதில் இருந்திருக்கும். மார்க்கஸே படிக்காமல் எரித்தார் என்பது ஒரு கதை. முன்கூட்டிப் போன அவருடைய தளபதி மார்ட்டியஸ் வீரஸ், இது தெரியாமல் இருப்பதுதான் அரசருக்கு நல்லது என்று தானே எரித்தார் என்பது இன்னொரு கதை. என் ஆட்சியில் என் வாக்காலோ உங்கள் வாக்காலோ உங்களில் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்று செனட்டைக் கேட்டுக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுச் செய்த காரியமும் இல்லை இது. இனிமேல் யாரும் தான் பிறந்த மாகாணத்தையே ஆளக் கூடாது என்று கையோடு ஒரு சட்டம் போட்டார். காசியஸ் சிரியாக்காரன், அந்த ஓட்டையை அடைத்தாயிற்று. ஆளை மன்னிக்கலாம், அமைப்பை மன்னிக்கக் கூடாது என்று தெரிந்த நிர்வாகி.

இந்த மூன்று மாதத்தில்தான் எனக்கு அவர் பிடிபட்டார். ஒரே வசந்தத்தில், ஒரே கூடாரத்தில், ஒரு கூட்டத்தையே அழிக்க நினைத்தவரும் தன் நாற்காலியைப் பறிக்க வந்தவன் தலையைப் பார்க்க மாட்டேன் என்றவரும் ஒரே ஆள். அவருடைய தத்துவம் ஒரு இடத்தில் அபாரமாக வேலை செய்கிறது. கெடுதல் தனக்கு நேரும்போது. காசியஸ் துரோகம் செய்தது இவருக்கு, பிள்ளைகள் செத்தது இவருக்கு, ஊர் கேலி செய்தது இவரை. அங்கெல்லாம் ஒரு மனிதனால் இவ்வளவுதான் உயர முடியும் என்கிற அளவுக்கு உயர்கிறார். கெடுதலைத் தானே மற்றவர்களுக்குச் செய்யும் இடத்தில் அந்தத் தத்துவம் ஒரு குறிப்பு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உனக்குக் கொடுத்த வேஷத்தை நன்றாக ஆடு என்று எபிக்டெட்டஸ் சொன்னார், நாடகத்தை மாற்று என்று சொல்லவில்லை. அடிமைக்கு அது ஒரு கவசம். சக்கரவர்த்திக்கும் அதுவே கவசமாகிவிட்டால், அவனிடமிருந்து மற்றவர்களைக் காப்பது எது? எங்கள் பயிற்சி வகுப்பில் முன்வரிசைக்காரர்கள் தலையாட்டியதன் அர்த்தமும் எனக்கு இங்கேதான் விளங்கியது.

மகன்

கிளர்ச்சியின் செய்தி வந்ததும் மார்க்கஸ் செய்த இன்னொரு காரியம், ரோமிலிருந்து மகன் கொமோடஸை எல்லைக்கு வரவழைத்தது. ஆண்மகன்களில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். இன்னும் 14 முடியவில்லை. ஜூலை 7 அன்று, படைகள் முன்னால், வயதுவந்த ஆணுக்குரிய அங்கியை அணிவித்தார்கள். தான் செத்ததாக ஒரு வதந்தி வந்தாலே பேரரசு ஆடுகிறது என்று கண்டுகொண்ட தந்தை, அடுத்தது யார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டார். 177இல் பையனைத் தனக்குச் சமமான சக்கரவர்த்தியாகவே ஆக்கினார். அவனுக்கு 15 வயது.

நல்ல அரசர்கள் தகுதி பார்த்துத் தத்தெடுத்தார்கள், தத்துவ அரசர் மட்டும் பாசத்தில் சறுக்கினார் என்று எங்கும் எழுதியிருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. நெர்வா, டிரேஜன், ஹேட்ரியன், அன்டோனினஸ் பயஸ், இவர்களில் யாருக்கும் உயிரோடு மகன் இல்லை. இருந்திருந்தால் தத்தெடுத்திருப்பார்களா என்று பார்க்க நமக்கு வழியே இல்லை. ஒதுக்கப்பட்ட ரத்த வாரிசு என்ன ஆவான் என்பது மார்க்கஸுக்கு நேரடியாகத் தெரியும். தான் தேர்ந்தெடுத்த வாரிசுக்கு வழிவிட, ஹேட்ரியன் தன் 90 வயது மைத்துனரையும் அவருடைய 18 வயதுப் பேரனையும் சாகடித்திருந்தார். கொமோடஸை ஒதுக்கினால், புதிதாக வருகிறவன் அவனைக் கொல்ல வேண்டும், அல்லது அவன் பெயரில் உள்நாட்டுப் போர். மகனை அரசனாக்குவது, மகனைப் பலி கொடுப்பது, இரண்டில் ஒன்றுதான். தகுதி பார்த்தெல்லாம் தேர்ந்தெடுக்கிற சொகுசு அவருக்கு இல்லை.

அந்தக் காலத்து மார்க்கஸின் உடம்பையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 176 வாக்கில் ரோமுக்குத் திரும்பியவருக்கு வயிற்றுக் கோளாறு, மற்ற வைத்தியர்கள் காய்ச்சல் என்கிறார்கள். வைத்தியர் கேலன் நாடியைப் பிடித்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை, செரிமானக் கோளாறு என்கிறார். அதேதான், அதேதான் என்கிறார் அரசர். வேறு ஆளாக இருந்தால் மிளகு தூவிய ஒயினைக் குடிக்கச் சொல்வேன், அரசர் என்பதால் வயிற்றின்மேல் சூடான தைலம் தோய்த்த கம்பளி போதும் என்கிறார் கேலன். மார்க்கஸ் கம்பளியையும் போட்டுக்கொண்டு, மிளகு போட்ட சபைன் ஒயினையும் வரவழைத்துக் குடித்துவிட்டார். பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிய கப்பல்களின் புண்ணியத்தில், நம் மேற்குக் கரை மிளகு சக்கரவர்த்தியின் வயிற்றுவரை போயிருக்கிறது. ஐம்பத்தைந்து வயது, நோஞ்சான் உடம்பு, முந்தின குளிர்காலத்தில் மனைவியும் போய்ச் சேர்ந்தாயிற்று. வாரிசை நிதானமாகப் பொறுக்கி எடுக்கும் நிலையில் அவர் இல்லை.

180 மார்ச் 17இல், மறுபடியும் டான்யூப் போர்முனையில், நோயில் இறந்தார். 'கிளாடியேட்டர்' என்ற ஹாலிவுட் படத்தில் மகன் மூச்சுத் திணறடித்துக் கொல்வதெல்லாம் கற்பனை. கடைசி நாள் மகனை மட்டும் உள்ளே விட்டு, தொற்றிவிடும் என்று உடனே வெளியே அனுப்பிவிட்டார். அதற்குப் பின் நடந்ததை டயோ நேரில் பார்த்தவர். கொமோடஸ் அரங்கத்தில் ஒரு நெருப்புக்கோழியைக் கொன்று, அதன் தலையை ஒரு கையிலும் ரத்தம் சொட்டும் வாளை மறு கையிலும் தூக்கிக்கொண்டு செனட்டர்கள் பக்கம் வந்து, ஒன்றும் பேசாமல் இளித்தபடி தலையை ஆட்டினானாம். டயோவுக்குப் பயத்தைவிடச் சிரிப்புதான் வந்திருக்கிறது. சிரித்தால் தலை போகும். தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து வாகை இலையைப் பிய்த்து வாயில் போட்டு மென்று சமாளித்தார், பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். அப்பா பார்க்க மறுத்த தலைக்கும் மகன் தூக்கிக் காட்டிய தலைக்கும் நடுவே 17 வருஷம்தான்.

ஆனாலும் கொமோடஸ் பற்றி எனக்கு ஒரு கணக்கு முடியாமல் நிற்கிறது. அவனைப் புகழ எனக்கு ஆசையில்லை, கொலைகாரன்தான். பதவிக்கு வந்த புதிதில், காசியஸின் நம்பிக்கைக்குரிய செயலாளர் மனிலியஸ் பிடிபட்டார். எல்லா ரகசியத்தையும் சொல்கிறேன் என்றார். கொமோடஸ் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவருடைய காகிதங்கள் அத்தனையையும் படிக்காமலேயே எரித்தான். அப்பாவைப் பார்த்துக் கற்றதாக இருக்கலாம். இன்னொன்று, அவன் போரை நிறுத்தினான்.

அது எந்தப் போர் என்று பார்க்க வேண்டும். மார்க்கஸின் கடைசி வருஷங்களில் மார்கொமன்னி, குவாடி நிலத்துக்குள் கோட்டைகள் கட்டி 20,000 சிப்பாய்களைக் குடியேற்றியிருந்தார்கள். சிப்பாய்களுக்குக் குளியல் கூடம்வரை சகல வசதியும் உண்டு. அந்த மக்களால் ஆடு மாடு மேய்க்க முடியவில்லை, உழ முடியவில்லை. தாங்காமல் குவாடிகள் ஊரோடு காலி செய்துகொண்டு வடக்கே போக முயன்றபோது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு பாதைகளை அடைத்துவிட்டார் மார்க்கஸ். அவர்கள் நிலம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, அவர்களைத் தண்டிக்கத்தான் விரும்பினார் என்று டயோவே விளக்கமும் தருகிறார். கொமோடஸ் வந்தான், ஆளும் தானியமும் ஆயுதமும் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட்டான், எல்லையை ஒட்டிய கீற்றைத் தவிர மற்றக் கோட்டைகளைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனான். சார்மேஷியரைப் பிடிப்பவன் கொள்ளைக்காரன் என்று அப்பா எழுதியிருந்தது அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உழைப்பு பிடிக்காதவன், நகரத்துச் சுகத்துக்கு ஏங்கியவன், அதனால்தான் சமாதானம் செய்தான் என்று டயோ எழுதிவைத்திருக்கிறார். ரோமச் செனட்டர், வேறென்ன எழுதுவார்.